டேமன் ட்ரேஸைக் கண்ணால் படிக்கும்படி செய்தது

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். 16 மெஷின், இரண்டு ஷிப்டு. மூலையில் பிளைவுட் தடுப்புக்குள் ஒரு பழைய டெஸ்க்டாப்: நாலு கோர், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், லினக்ஸ். ஒவ்வொரு மெஷினிலும் நூலின் டென்ஷனை அளக்கும் சென்சார் நொடிக்குப் பத்து அளவு அனுப்பும். ஒரு பைத்தான் நிரல் அதை வாங்கி டேட்டாபேஸில் எழுதி, சுவரில் மாட்டிய திரையில் வரைபடமாகக் காட்டும்.

"ஏனுங்க தம்பி, மூணு மூணரை ஆனா இந்தப் பொட்டி தூங்கிப் போயிருதுங்க. பொழுதோட ஆபீஸ் ஆளுக கெளம்புனாத்தான் மறுக்கா முழிக்குது" என்று முதலாளி போன் செய்தார். போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஃபேனில் ஒரு கைப்பிடி பஞ்சு. நிட்டிங் யூனிட்டில் இது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் மூன்றரைக்கு மறுபடியும் போன்.

இரண்டாவது முறை போனபோது, எந்த நிரல் எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ரேம் நிறைந்து, ஸ்வாப்பும் (ரேமில் இடம் போதாதபோது தள்ளி வைக்க டிஸ்கில் உள்ள இடம்) பாதி நிறைந்து, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. எங்கள் நிரல் ஒரு ஜிபிக்குப் பக்கம், டேட்டாபேஸ் கொஞ்சம், ஆபீஸ்காரர்கள் திறந்து வைத்த பிரவுசர் நிறைய. யாரைக் குற்றம் சொல்வது? பெரிதாக இருப்பது குற்றமில்லை. அந்த இடத்தில் எவ்வளவு உண்மையிலேயே தொடப்படுகிறது என்பதுதான் கேள்வி. டாப் அதைச் சொல்லாது. (காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் டாப் பார்த்து ஒப்பிட்டிருந்தால் பாதி விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது பின்னால் வந்த புத்தி.)

அதைச் சொல்வதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே டேமன் என்று ஒரு கண்காணிப்பான் இருக்கிறது. சோங்ஜே பார்க் எழுதியது, 2021 அக்டோபரில் வந்த 5.15 கர்னலில் சேர்ந்தது. ஒரு நிரலின் முகவரிப் பரப்பை, அதாவது அது பயன்படுத்தும் நினைவக முகவரிகளை, பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு பகுதியிலும் ஏதோ ஒரு பக்கத்தை (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) தேர்ந்தெடுத்து, 5 மில்லி நொடி கழித்து அது தொடப்பட்டதா என்று பார்க்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான். 100 மில்லி நொடிக்கு ஒருமுறை கணக்கைக் கூட்டி ட்ரேஸில், அதாவது கர்னலின் நிகழ்வுப் பதிவில், எழுதும். ஆக ஒரு பகுதிக்கு அதிகபட்ச மதிப்பெண் 20. பக்கத்துப் பகுதிகள் ஒரே மாதிரி நடந்துகொண்டால் ஒன்றாக இணைக்கும், பிறகு மறுபடி பிரித்துப் பார்க்கும். இதனால் எத்தனை ஜிபி இருந்தாலும் கண்காணிக்கும் செலவு ஒரு எல்லைக்குள் நிற்கும்.

அந்தப் பெட்டியில் இருந்த கர்னலில் டேமன் சேர்க்கப்படவில்லை. 6.1 கர்னலை இறக்கி, டேமன் தொடர்பானவற்றை ஆன் செய்து கம்பைல் போட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. மெஷின்களும் ராத்திரி முழுக்க ஓடுவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காலையில் நிரலைப் புதிதாக ஆரம்பித்து, அதன் பிராசஸ் எண்ணை டேமனுக்குக் கொடுத்து, டேமன்_அக்ரிகேட்டட் என்ற ட்ரேஸ் நிகழ்வை ஆன் செய்து, அந்த வரிகள் வந்து விழும் ட்ரேஸ்_பைப் கோப்பைத் திறந்தேன். திரை அருவி மாதிரி ஓடியது. நிறுத்திப் பார்த்தால் இப்படி. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

கேடேமண்ட்.0-2317 [002] ..... 5127.340112: டேமன்_அக்ரிகேட்டட்: டார்கெட்_ஐடி=0 என்ஆர்_ரீஜியன்ஸ்=14 94363663204352-94363700953088: 17 3

கேடேமண்ட்.0-2317 [002] ..... 5127.340115: டேமன்_அக்ரிகேட்டட்: டார்கெட்_ஐடி=0 என்ஆர்_ரீஜியன்ஸ்=14 139887353266176-139888494116864: 0 4120

யூனிட்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் எட்டிப் பார்த்தான். "ஏங்ணா, இது யாரோட செல் நம்பருங்ணா? அஞ்சு நம்பர் சேத்தி இருக்குது."

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. வரியில் பாதிக்கு மேல் எல்லா வரியிலும் ஒன்றேதான்: எழுதுகிற திரெட்டின் (தனியாக ஓடும் வேலை இழை) பெயர், நிகழ்வின் பெயர், டார்கெட் (கண்காணிக்கப்படும் நிரல்). எனக்கு வேண்டியது கடைசியில் உள்ள நான்கு எண்கள். அவற்றில் முதல் இரண்டும் 14, 15 இலக்கம். ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்தால்தான் அளவு தெரியும். பின்னால் நிற்கும் இரண்டுக்கும் பெயரே இல்லை. எத்தனை தடவை தொடப்பட்டது, எவ்வளவு நேரமாக அதே நிலையில் இருக்கிறது என்பவை அவை. தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

முகவரியைப் பதின்ம எண்ணில் எழுதியதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஹெக்ஸில் (பதினாறடி எண்ணில்) இருந்தால் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும்: 55, 56 என்று ஆரம்பித்தால் நிரலும் அதன் ஹீப்பும் (ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்), 7எஃப் என்று ஆரம்பித்தால் எம்மேப் பகுதியும் (கர்னலிடம் பெரிதாகக் கேட்டு வாங்கும் இடம்) ஸ்டேக்கும் (செயல்பாடுகளின் தற்காலிக இடம்). பதின்மத்தில் அதே இரண்டும் 93, 94 லட்சம் கோடி என்றும் 139, 140 லட்சம் கோடி என்றும் வரும். இப்போது எனக்கு இதுவும் பழகிவிட்டது என்பது வேறு விஷயம்.

இதைப் படிக்கும்படி செய்ய டேமோ என்ற கருவியை டேமன் எழுதியவர்களே கொடுக்கிறார்கள். பதிவு செய்து, பிறகு வெப்பப் படமாகக்கூடக் காட்டும். அதை எடுத்திருந்தால் எனக்குப் பாதி நாள் மிச்சம். ஆனால் பதிவு செய்து பிறகு பார்ப்பது எனக்கு வேண்டாம், பெட்டி தூங்கும் அந்த நிமிடத்தில் வீட்டிலிருந்து போனில் பார்க்கும்படி வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நாமே எழுதலாமே என்ற அரிப்பும்தான்.

முதலில், உரை வரிகளை வெட்டிக் கணக்குப் போடும் ‘ஆக்’ மொழியில் பத்து வரி எழுதினேன். முன்பாதியை வெட்டு, கழி, எம்பி ஆக்கு, அச்சிடு. ஓட்டினால் எல்லா முகவரியும் 2147483647. எல்லாப் பகுதியும் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடிகிறதாம்! அந்தப் பெட்டியில் ‘ஆக்’ என்ற பெயரில் இருந்தது மாக் என்ற அதன் ஒரு வகை. அது முழு எண்ணாக அச்சிடும்போது 31 பிட்டோடு நின்றுவிட்டது. பைத்தானுக்கு மாறினேன்.

அடுத்த தொல்லை: என் நிரல் ஒரு ஜன்னலில், சரிபார்க்க மூல ட்ரேஸ் இன்னொரு ஜன்னலில் என்று திறந்து வைத்தேன். இரண்டும் பொருந்தவே இல்லை. என் கழித்தலில்தான் தப்பு என்று அரை மணி நேரம் தேடினேன். ட்ரேஸ்_பைப் என்பது குழாயடி மாதிரி. ஒருவர் குடத்தில் பிடித்த தண்ணீர் அடுத்தவருக்கு வராது. ஒரு ஜன்னல் படித்த வரிகள் மற்றதற்குக் கிடைக்காது. கோப்பில் ஒருமுறை பிடித்து வைத்து, அதை இரண்டு பக்கமும் கொடுத்ததும் பொருந்தியது.

முதல் வடிவம் இப்படி வந்தது:

ஹீப்   36 எம்பி   17/20   0.3 வி
மேப்   1088 எம்பி   0/20   6 நி 52 வி

கடைசிக் கட்டத்தில் முதலில் 68 நிமிடம் என்று காட்டியது. 4120-ஐ நொடி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நிரலை ஆரம்பித்தே பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பிறக்கும் முன்பே எப்படித் தூங்கும்? அந்த எண் நொடி இல்லை, கூட்டல் இடைவெளி. ஒன்று என்றால் 100 மில்லி நொடி. 412 நொடி, அதாவது 6 நிமிடம் 52 நொடி. கூட்டல் இடைவெளியை மாற்றினால் இதே எண்ணின் அர்த்தமும் மாறிவிடும், ட்ரேஸ் வரியில் அதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. என் நிரல் இப்போது அந்த இடைவெளியை டேமனின் அமைப்புக் கோப்பிலிருந்து தானே படித்துக்கொள்கிறது.

சரி, 1088 எம்பி ஏழு நிமிடமாகச் சும்மா கிடக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டேன். அவசரப்பட்டேன். டேமன் காட்டும் அளவு முகவரிப் பரப்பின் அளவு. அதில் எவ்வளவு ரேமில் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லும், கர்னலின் பிராக் அடைவில் உள்ள எஸ்மேப்ஸ் கோப்பைப் பார்த்தால் அந்த 1088-இல் ரேமில் இருந்தது 23 எம்பி. சைட்டு அளந்து கல் நட்டிருக்கிறார்கள், வீடு கட்டவில்லை.

1088 என்ற எண்ணும் புரிந்தது. நிரலில் மெஷினுக்கு ஒரு திரெட், எழுத ஒன்று, மொத்தம் 17. நிரல்களுக்கு நினைவகம் பிரித்துக் கொடுக்கும் ஜிலிப்சி நூலகம் ஒவ்வொரு திரெட்டுக்கும் 64 எம்பி பரப்பைத் தனியாக ஒதுக்கி வைக்கும். நாலு கோர் என்றால் இப்படி 32 பரப்பு வரை போகும். 17 பெருக்கல் 64, 1088. ஒதுக்கி வைப்பதற்குக் காசு இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை, என்னைத் தவிர.

இரண்டாவது வடிவத்தில் எஸ்மேப்ஸிலிருந்து ரேமில் எவ்வளவு, ஸ்வாப்பில் எவ்வளவு என்று இரண்டு கட்டம் சேர்த்தேன். பகுதிகளின் எல்லை ஒவ்வொரு கூட்டலிலும் நகர்வதால் வரிகள் குதித்துக்கொண்டே இருந்தன. அதனால் ரேமிலோ ஸ்வாப்பிலோ உண்மையில் உள்ள பரப்பை 100 எம்பி வரிகளாக நானே வெட்டிக்கொண்டேன். ஒரு வரி ஒரு இடம், ஒரு எழுத்து ஐந்து நொடி, இடமிருந்து வலமாக நேரம். தொடாவிட்டால் புள்ளி, தொட்டால் எண். 10 பகுதி குறைந்தபட்சம் என்று இருந்ததை 100 ஆக்கினேன், பானையில் பத்து இடத்தில் சோறு எடுத்துப் பார்க்கிற மாதிரி. நொடிக்கு ஆயிரம் வரி வந்தது, பைத்தான் தாங்கியது.

இங்கேதான் பெரிய தப்பைச் செய்தேன். திரையில் அங்கங்கே ஒற்றை 1 தெரிந்தது. 20-க்கு ஒன்று. எதேச்சையாகப் பார்க்கும் கருவியில் இப்படி உதிரியாக வரத்தானே செய்யும், கண்ணை உறுத்துகிறது என்று இரண்டுக்குக் கீழே உள்ளதை எல்லாம் புள்ளியாக்க ஒரு வரி சேர்த்தேன். படம் பளிச்சென்று ஆனது. பார்க்க அழகு.

மத்தியானம் மூன்றரைக்குப் பெட்டி தூங்கியபோது பக்கத்திலேயே இருந்தேன். முதலாளி வீட்டிலிருந்து வந்த அரிசிம்பருப்பு சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால், எட்டு வரி, 800 எம்பி, எல்லாம் புள்ளி. பாதி ஸ்வாப்பில். நான் சொன்னேன்: இந்த 800 எம்பியை யாரும் தொடுவதே இல்லைங்க, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, இன்னும் 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தொடாத சாமானுக்கு எதுக்குங்க தம்பி புதுசா எடம் வாங்கோணும்? அக்கட்டால கெடங்குல போட்டு வெச்சாப் பத்தாதுங்ளா?"

எனக்குச் சுருக்கென்றது. ஸ்வாப் என்பதே அந்தக் கிடங்குதான். உண்மையிலேயே தொடாத 800 எம்பி என்றால் கர்னல் அதைக் கிடங்கில் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கும். டிஸ்க் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்திருக்கும். இது அணையாமல் எரிகிறது என்றால் யாரோ கிடங்குக்குப் போய்ப் போய் வருகிறார்கள்.

இரண்டுக்குக் கீழே புள்ளி என்ற வரியை எடுத்தேன். பிடித்து வைத்திருந்த அதே ட்ரேஸை மறுபடி ஓட்டினேன். மேலே குறைந்த முகவரி, கீழே அதிகம்:

. . . . . . . . . 1
. . . . . . . . . 1
. . . . . . . . 1 .
. . . . . . . . 1 .
. . . . . . 1 1 . .
. . . . 1 1 . . . .
. . 1 1 . . . . . .
1 1 . . . . . . . .

உதிரி இல்லை, படிக்கட்டு. யாரோ கீழ் மூலையிலிருந்து மேலே வரிசையாக நடந்து போகிறார்கள், 50 நொடி எடுத்துக்கொண்டு. படத்தை வலப்பக்கம் நகர்த்தினால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு படிக்கட்டு. அப்புறம் இன்னொன்று.

ஏன் 1-க்கு மேல் போகவில்லை என்பதும் தெளிவானது. வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் கண நேரம்தான் தொடப்படுகிறது, பிறகு ஐந்து நிமிடத்துக்கு இல்லை. டேமன் தேர்ந்தெடுத்த பக்கமும் அந்தக் கணமும் ஒத்துப்போனால்தான் ஒரு மதிப்பெண். இப்படிப்பட்ட நடை 20-க்கு 17 வாங்கவே வாங்காது. 20-க்கு 1 என்பதுதான் அதன் அடையாளம். அதைத்தான் நான் குப்பை என்று பெருக்கித் தள்ளியிருந்தேன்.

நிரலின் மூலத்தைத் திறந்தேன். நாலு வருடத்துக்கு முன் எழுதியது. எழுதியது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். காலை எட்டரைக்கு ஷிப்டு ஆரம்பித்ததிலிருந்து வந்த ஒவ்வொரு அளவையும் வரைபடத்துக்காக ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகிறது. டேட்டாபேஸில் எழுதிய பிறகும் அதை விடுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அன்றைய சராசரியைக் காட்ட, பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை நடந்து கூட்டுகிறது. 16 மெஷின், நொடிக்குப் பத்து, மணிக்கு 5,76,000 அளவு. பைத்தானில் ஒன்றுக்கு 200 பைட் போல என்று வைத்தால் மணிக்கு 115 எம்பி. எட்டரையிலிருந்து மூன்றரைக்கு ஏழு மணி நேரம், 800 எம்பி. எட்டு வரி.

படிக்கட்டு ஏன் கீழிருந்து மேலே ஏறுகிறது என்று பையன் கேட்டான். லினக்ஸில் எம்மேப் பரப்பு அதிக முகவரியில் தொடங்கிக் குறைந்த முகவரியை நோக்கி வளரும். காலையில் வந்தது கீழே, மத்தியானம் வந்தது மேலே. படத்தில் கீழ் நாலு வரி தட்டையாகவும் மேல் நாலு வரி செங்குத்தாகவும் இருக்கிறது பாருங்கள்: காலைக் கணக்கு ஸ்வாப்பில் இருந்ததால் ஒவ்வொரு பக்கத்தையும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து வர வேண்டியிருந்தது, அதுதான் நடை தளர்ந்தது. ரேமில் இருந்ததை ஓடிக் கடந்துவிட்டது. எடுத்து வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடம் செய்ய இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். ஆபீஸ் பிரவுசர் திறந்திருக்கும்வரை இந்தக் கூத்து நிற்காது. அவர்கள் கிளம்பியதும் இடம் கிடைத்து, பெட்டி முழித்துக்கொள்ளும்.

திருத்தம் அரை மணி நேர வேலை. சராசரிக்கு மெஷினுக்கு ஒரு கூட்டுத்தொகையும் ஒரு எண்ணிக்கையும் போதும், வர வரச் சேர்த்துக்கொள்ளலாம். வரைபடத்துக்குக் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வைத்துக்கொண்டு பழையதை விட்டுவிடும்படி பட்டியலை மாற்றினேன். மறுநாள் மூன்றரைக்குப் படத்தில் இரண்டு வரிகூட நிறையவில்லை, படிக்கட்டும் இல்லை. ரேம் வாங்கவில்லை.

வாசிப்பு நிரல் அந்தப் பெட்டியில் இன்னும் இருக்கிறது, முழுசாக முடியவில்லை. நிரலை மறுபடி ஆரம்பித்தால் கர்னல் முகவரிகளை வேறு இடத்தில் வைக்கும், அதனால் நேற்றைய படத்தையும் இன்றையதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க முடியவில்லை. எம்மேப் பரப்பின் உச்சியிலிருந்து எண்ணி வரிகளை அடையாளம் வைக்கலாம் என்று ஆரம்பித்து அரைகுறையாக நிற்கிறது. ஐந்து நொடிக்குள் பல மதிப்பெண் வந்தால் சராசரி எடுக்காமல் பெரியதை எழுதும்படி மாற்றியிருக்கிறேன். இரண்டுக்குக் கீழே புள்ளி என்ற வரியை அழிக்கவில்லை, ஓடாமல் இருக்க முன்னால் ஒரு ஹேஷ் போட்டு அப்படியே வைத்திருக்கிறேன்.